ஆட விடக் கூடாது, சம்பளத்தை நிறுத்தவும் கூடாது

ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: கொலை முயற்சி, பாலியல் வன்கொடுமை போன்ற கடும் குற்ற வழக்குகளை எதிர்கொள்ளும் தொழில்முறை விளையாட்டு வீரர்கள் தொடர்ந்து ஆடலாமா? அதன் கீழே கேட்டவர் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "தீர்ப்பு வரும்வரை ஒருவர் நிரபராதிதானே?" அந்த வரியைப் பார்த்தால், அவருக்குப் பிடித்த ஆட்டக்காரர் யாரோ வழக்கில் மாட்டியிருக்கிறார் என்றே தோன்றுகிறது. நான் நினைப்பது தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பதில் தலைப்பிலேயே இருக்கிறது. நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு பதிவானதும் களத்திலிருந்து விலக்க வேண்டும். வழக்கு முடியும்வரை சம்பளம் கொடுக்க வேண்டும். விடுதலையானால் மறுவாரமே திரும்பச் சேர்க்க வேண்டும். இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டால் அநியாயம்.

"எந்தத் தகுதியில் பேசுகிறாய்?" என்று கேட்பவர்கள் வருவார்கள். வக்கீல் இல்லை, பத்திரிகையாளர் இல்லை. தென்மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கபடிக் குழுவுக்குப் பல வருடங்கள் செயலாளராக இருந்தவன். ஊர்க் குழுவையும் கோடிகளில் சம்பளம் வாங்கும் கிரிக்கெட்காரர்களையும் எப்படி ஒப்பிடலாம் என்று சிரிக்காதீர்கள். எங்கள் குழுவிலும் காசுக்கு ஆடுகிறவர்கள் உண்டு. பரிசுப் பணம் பங்கு பிரிக்கப்படும். நல்ல ரைடருக்கு, அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவனுக்கு, வெளியூர்க் குழுக்கள் வண்டிச் செலவு கொடுத்து, சாப்பாடு போட்டு, கையில் தொகையும் வைத்து அழைத்துப் போவார்கள். பலருக்கு அதுதான் வீட்டு வாடகை.

எங்கள் குழுவின் முதல் ரைடர் மீது 307 வழக்கு வந்தது. இந்திய தண்டனைச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம், 307 என்றால் கொலை முயற்சி. கோயில் கொடைத் திருவிழாவில் இரண்டு ஊர்க்காரர்களுக்குள் தகராறு, பக்கத்து ஊர்ப் பையனுக்குக் கையில் வெட்டு. எங்கள் ஆள் வெட்டினானா, கூட்டத்தில் நின்றானா என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. நிபந்தனை ஜாமீனில் வந்தான். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. வந்த அன்றே மாலை மைதானத்துக்கு வந்து, ஓரத்தில் உட்கார்ந்து முழங்கால் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தான். "அண்ணே, காலையில் கையெழுத்து போட்டுவிட்டால் ராத்திரி முழுக்க நான் சும்மாதானே இருக்கிறேன்" என்றான். ஊர்ப் போட்டிகள் எல்லாம் ராத்திரி மின்னொளியில்தான் நடக்கும். அவன் கணக்கு சரிதான்.

ஆனால் அடுத்து வந்த போட்டியில் வெட்டுப்பட்டவனின் ஊர்க் குழுவும் எங்கள் பிரிவிலேயே இருந்தது. கபடி பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். ரைடர் என்பவன் தனியாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எதிரணி ஏழு பேருக்கு நடுவே போகிறவன். அந்த ஏழு பேரில் ஒருவன் வெட்டுப்பட்டவனின் மச்சான். கணுக்காலைப் பிடித்து இன்னொருவன் இடுப்பில் விழுந்தால் கால் ஒடிவது சாதாரணம், நடுவர் விசில்கூட ஊத மாட்டார். இது ஒரு காரணம். இன்னொன்றைக் கமிட்டியில் யாருமே நினைத்துப் பார்க்கவில்லை. மைக்கில் ஒருவர் "இதோ பாடிச் செல்கிறார் எங்கள் சிங்கம்" என்று ஆட்டக்காரர் பெயரை நீட்டி முழக்குவார். அதை வெட்டுப்பட்ட பையனின் தாய் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஊர் அவ்வளவு பக்கம், காற்று அடித்தால் சத்தம் போய்விடும்.

ஆட வேண்டாம் என்று சொன்னேன். கமிட்டியில் மூத்தவர் ஒருவர், எனக்கு மாமா முறை, "நீ என்ன ஜட்ஜா?" என்றார். "ஜட்ஜ் இல்லை மாமா, அதனால்தான் அவன் வெட்டினானா என்று நான் பேசவே இல்லை. குழுவை அனுப்புவதுதான் என் வேலை, அதை மட்டும் செய்கிறேன்" என்றேன். அன்று அரையிறுதியில் தோற்றோம். தோல்விக்கு நான்தான் காரணம் என்று டீக்கடையில் பேசினார்கள். பேசட்டும். கிடைத்த பரிசுப் பணத்தைப் பங்கு போட்டபோது அவனுக்கும் முழுப் பங்கை எடுத்து வைத்தேன். அதற்குத்தான் பெரிய சண்டை. பொருளாளர் "ஆடாதவனுக்கு எதற்குப் பங்கு?" என்று கணக்கு நோட்டை மூடிவிட்டார். அவனாக ஆடாமல் இருந்தானா, நாமாக உட்கார வைத்தோமா என்று கேட்டேன். கடைசியில் கொடுத்தார்கள். அந்த சீசன் முழுக்கக் கொடுத்தோம். வக்கீல் ஃபீஸுக்கும் வாய்தாவுக்குப் போய்வரும் பஸ் காசுக்கும் அது எவ்வளவு உதவியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, பிச்சை மாதிரி இல்லாமல் உரிமையாக அவன் கைக்குப் போனது என்பது தெரியும்.

இங்கே சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து அரிக்கிறது. அந்தப் போட்டியில் முதல் ஆட்டம் இரவு எட்டு மணிக்கு என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். தொடங்கும்போது பதினொன்று தாண்டிவிட்டது. நடுவில் என்ன நடந்தது? பொன்னாடை. ஒன்றியப் பிரமுகருக்குப் பொன்னாடை, அவர் தம்பிக்குப் பொன்னாடை, ஜெனரேட்டர் கொடுத்தவருக்குப் பொன்னாடை, பொன்னாடை வாங்கி வந்தவருக்கும் பொன்னாடை. உடம்பைச் சூடேற்றி வியர்த்து நின்ற பையன்கள் பனியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் தசை பிடிக்காமல் என்ன செய்யும்? கபடியை ஒலிம்பிக்குக்குக் கொண்டு போகிறோம் என்று பேசியவரும் அந்த மேடையில்தான் இருந்தார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பெரிய இடத்தில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு நேபாளத்தின் சந்தீப் லாமிச்சானேயைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2018-ல் டெல்லி அணிக்காக ஐபிஎல் ஆடிய முதல் நேபாளி, லெக் ஸ்பின்னர், பிறகு நாட்டின் கேப்டன். 2022-ல் பாலியல் வன்கொடுமைப் புகார். பிடியாணை வந்தபோது கரீபியனில் லீக் ஆடிக்கொண்டிருந்தார். அக்டோபரில் காத்மாண்டு விமான நிலையத்தில் இறங்கியதும் கைது. நேபாள கிரிக்கெட் வாரியம் அதற்கு முன்பே இடைநீக்கம் செய்திருந்தது. இதுவரை சரி. 2023 ஜனவரியில் ஜாமீன் கிடைத்தது, பிப்ரவரியில் வாரியம் தடையை நீக்கிவிட்டது. வழக்கு இருந்த இடத்திலேயே இருந்தது, சாட்சிகள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், மாறியது ஒன்றுதான்: அணிக்கு ஆட்டங்கள் வந்துவிட்டன, விக்கெட் வேண்டும். நேபாளத்தின் கீர்த்திபூர் மைதானத்தில் ஸ்காட்லாந்து வீரர்கள் ஆட்டம் முடிந்ததும் மற்ற எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு இவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில், ஜாமீனில் இருந்தபடியே, ஒருநாள் ஆட்டங்களில் மிக வேகமாக 100 விக்கெட் என்ற உலக சாதனையை 42-வது ஆட்டத்தில் எடுத்தார். டிசம்பரில் காத்மாண்டு மாவட்ட நீதிமன்றம் குற்றவாளி என்றது. 2024 ஜனவரியில் 8 ஆண்டு சிறை, மறுபடி இடைநீக்கம். மே மாதம் பாட்டன் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஜூனில் டி20 உலகக் கோப்பை. அமெரிக்கா விசா தரவில்லை, ஆகவே மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த ஆட்டங்களுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தார்.

உயர் நீதிமன்றம் விடுவித்த ஒருவரைக் குற்றவாளி என்று நான் எழுதவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்க வேண்டாம். என் கேள்வி வாரியத்துக்கு. ஜாமீன் கிடைத்தால் ஆடலாம் என்று அவர்களிடம் முன்கூட்டியே எழுதி வைத்த விதி இருந்ததா? பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டாவது ஆள் மீது இதே வழக்கு வந்திருந்தால் பிப்ரவரியில் கூப்பிட்டிருப்பார்களா? மாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். புகார் கொடுத்த பெண்ணின் இடத்தில் நின்று பாருங்கள். வழக்கு விசாரணையில் இருக்கும்போதே குற்றம் சாட்டப்பட்டவர் பந்தைக் கையில் எடுத்தால் மைதானமே ஆர்ப்பரிக்கிறது. சாட்சி சொல்ல வேண்டியவர்களும் அந்த ஊரில்தானே இருக்கிறார்கள்?

இங்கிலாந்துக்காரர்கள் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். அவர்களுடைய கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸ் 2017 செப்டம்பரில் பிரிஸ்டலில் ஒரு இரவு விடுதிக்கு வெளியே நடந்த அடிதடியில் கைதானார். அவர் மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகாத நிலையிலேயே ஆஸ்திரேலியாவில் நடந்த ஆஷஸ் டெஸ்ட் தொடருக்கு அழைத்துப் போகவில்லை. 2018 ஜனவரி 15-ம் தேதி குற்றச்சாட்டு பதிவானது. அதன் பிறகு நியூசிலாந்தில் ஆட அனுமதித்துவிட்டார்கள்! குற்றச்சாட்டு இல்லாதபோது வெளியே, வந்த பிறகு உள்ளே. அதே மாதக் கடைசியில் ஐபிஎல் ஏலத்தில் ராஜஸ்தான் 12.5 கோடி கொடுத்து எடுத்தது, அந்த ஏலத்தின் உச்ச விலை அதுதான். ஆகஸ்டில் விசாரணைக்காக லார்ட்ஸ் டெஸ்டில் ஆடவில்லை, ஜூரி விடுவித்ததும் அதே வாரம் டிரென்ட் பிரிட்ஜ் டெஸ்டில் இறங்கினார். கடைசியில் நல்லபடியாக முடிந்தது, எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் முறை என்று எதையாவது இதில் காட்டுங்கள் பார்ப்போம்.

முறை என்றால் ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக்கைச் சொல்ல வேண்டும். செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா அணியின் ஜாக் டி பெலின் மீது 2018 டிசம்பரில் பாலியல் வன்கொடுமை வழக்கு. 2019 சீசன் தொடங்கும்போது லீக் ஒரு விதி கொண்டுவந்தது. 11 ஆண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றச்சாட்டு பதிவானால் வீரர் தானாகவே ஆட்டத்திலிருந்து விலக்கப்படுவார். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியதில்லை. முழுச் சம்பளம் உண்டு, அணியோடு பயிற்சி செய்யலாம், இது குற்றம் நிரூபணமானதாகப் பொருளல்ல என்று விதியிலேயே இருக்கிறது. டி பெலின் நீதிமன்றம் போய்த் தோற்றார். 2020-ல் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 2021 மறுவிசாரணையில் ஒரு குற்றச்சாட்டில் விடுதலை, மற்றவற்றில் மறுபடியும் இழுபறி. அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. ஆட வந்தார்.

இரண்டு முழு சீசன்கள் போயின, அதை யார் திருப்பித் தருவார் என்று கேட்பீர்கள். யாராலும் முடியாது. ரக்பி ஆடும் உடம்புக்கு அது சின்னக் காலம் இல்லை. அதனால்தான் சம்பளத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி கால்பந்துக் கிளப்பில் ஆடிய பெஞ்சமின் மெண்டி கதையைப் பாருங்கள். 2021-ல் குற்றச்சாட்டு வந்ததும் கிளப் இடைநீக்கம் செய்து சம்பளத்தையும் நிறுத்தியது. 2023-ல் எல்லாக் குற்றச்சாட்டிலும் விடுதலை. வழக்குச் செலவுக்குச் சக வீரர்கள் சிலரிடம் கடன் வாங்கியதாகத் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் சொன்னார். காவலில் இருந்த மாதங்கள் போக மீதிக் காலத்துச் சம்பளத்தின் பெரும்பகுதி அவருக்குச் சேர வேண்டும் என்று தீர்ப்பாயம் 2024-ல் சொன்னது. பிரீமியர் லீக் வீரருக்கே இந்த நிலை என்றால் மற்றவர்கள்?

நம் நாட்டில் அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் பணியிடை நீக்கம், கூடவே பிழைப்பூதியம். ஒரு குமாஸ்தாவுக்கு இருக்கிற நியாயம் ஆட்டக்காரருக்கு ஏன் கூடாது? "எம்.எல்.ஏ., எம்.பி. எல்லாம் வழக்கோடுதானே இருக்கிறார்கள்" என்று ஒருவர் நிச்சயம் எழுதப் போகிறார். ஆமாம், தண்டனை வந்தால்தான் அவர்களுக்குப் பதவி போகிறது. அது சரி என்று நான் எங்கே சொன்னேன்?

பொய் வழக்குப் போட்டு எதிரணி ரைடரை வெளியே தள்ளிவிடுவார்களே என்பதுதான் நான் மதிக்கிற ஒரே எதிர்வாதம். ஊரில் அது நடக்கக்கூடியது. அதனால்தான் புகார், எஃப்ஐஆர் மட்டத்திலேயே ஆட்டத்தை விட்டு விலக்கச் சொல்ல மாட்டேன். காவல்துறை விசாரித்து, நீதிமன்றம் கோப்பில் எடுத்துக்கொண்ட பிறகுதான். "உன் ஆள் ஜாமீனில் வந்த அன்றே உட்கார வைத்தாயே" என்று மடக்குவீர்கள். அவன் விஷயத்தில் எதிரணியில் வெட்டுப்பட்டவனின் மச்சான் நின்றான், அது வேறு கணக்கு.

அவன் வழக்கு சில வருடங்கள் இழுத்தது. சாட்சிகள் பிறழ்ந்தார்கள், சந்தேகத்தின் பலனில் விடுதலை. அதற்குள் முழங்கால் போய்விட்டது, ஒரு சீசன் ஆடிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். இப்போது திருப்பூரில் இருக்கிறான். கொடைக்கு வந்தால் "அண்ணே" என்று வந்து பேசுவான். அவன் மனைவி இன்றுவரை என் முகத்தைப் பார்ப்பதில்லை.

கேட்டவர் ஏதாவது குழுவின் கமிட்டியில் இருந்தால், விதியை சீசன் தொடங்கும் முன்பே, யார் மீதும் வழக்கு இல்லாத நாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். யாராவது மாட்டிய பிறகு எழுதினால் அது அவனுக்காக எழுதியதாகத்தான் இருக்கும், ஆதரவாகவோ எதிராகவோ. பின்னூட்டத்தில் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். ஆனால் அந்தக் கொடைத் தகராறு எந்த ஊர், எந்தச் சாதி என்று கிளறினால் நீக்கிவிடுவேன்.