"அதை விடுங்கள்" என்று எழுதிய வரி

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே என்று மூன்று சபைகள். ஆறு வருஷமாக மாதத்தின் முதல் வெள்ளி இரவு மூன்று சபையாரும் ஒன்றாக ஜெபித்து வந்தோம். கிறிஸ்மஸுக்குப் பிறகு எல்லாம் குலைந்துவிட்டது. தொடங்கும் நேரம் பார்த்துக் கோயில் ஒலிபெருக்கி. மண்டபச் சாவியை வைத்திருப்பவர் வேண்டுமென்றே பிந்தி வருகிறார். அறுபது பேர் வந்த இடத்தில் இப்போது பதினொரு பேர். இது சாத்தானின் வேலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் விடவில்லை. செவ்வாயும் வெள்ளியும் உபவாசம். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறேன். மற்றவர்களுக்கு அந்தப் பாரம் இல்லை. கீழ் லயத்தில், அதாவது கீழ் வரிசை வீடுகளில், இருக்கும் என் கூடப்பிறந்த அக்காவே நான்கு மாதமாக வருவதில்லை. நான் நடத்தும் சீட்டில் இரண்டு தவணை பிந்தினாள். அவளுடைய முறையை இன்னொருத்திக்குக் கொடுத்தேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே? அவள் மனம் திரும்பும்படி கூட்டத்தில் பெயர் சொல்லி ஜெபிக்கக் கேட்டேன். அதற்கும் கோபம். சாவிக்காரரும் அவள் புருஷனுக்குச் சொந்தம்தான்.

ஒலிபெருக்கி, சாவி, ஆள் குறைவு. மாதாமாதம் இதே கதை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து சாத்தானைக் கட்டி ஜெபிக்கிறேன். அப்போது சில வேளை அக்காவின் முகம்தான் வருகிறது, அதை விடுங்கள். எங்கள் ஐக்கியம் திரும்ப எத்தனை நாள் உபவாசம் வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஒரு சகோதரி, பொகவந்தலாவை

அன்புள்ள சகோதரி,

அதை என்னால் விட முடியவில்லை. கடிதம் முழுக்கக் கோபம். அந்த ஒரு வரியில் மட்டும் பயம் தெரிகிறது. அக்காவுக்கு எதிராகவே ஜெபித்துக்கொண்டிருக்கிறோமோ என்ற பயம்.

நமக்குப் போராட்டம் மாம்சத்தோடும் இரத்தத்தோடும் அல்ல என்று எபேசியர் 6:12 சொல்கிறது. அக்கா மாம்சமும் இரத்தமும்தான். கோயில்காரர்களும் அப்படியே. அவர்கள் தங்கள் சாமியைக் கும்பிடுகிறார்கள், உங்களை எதிர்த்தல்ல. திருவிழா நாட்களை முன்கூட்டியே கேட்டு ஜெபத்தை வேறு நாளுக்கு மாற்றினால் அந்தப் பிரச்சினை முடிந்தது. அதே நிருபத்தில் 4:26-27-ஐப் பாருங்கள். பொழுது சாயுமுன் எரிச்சல் தணியட்டும் என்பதும், பிசாசுக்கு இடங்கொடாதீர்கள் என்பதும் ஒரே மூச்சில் வருகின்றன. 2 கொரிந்தியர் 2:10-11-இலும் சாத்தானின் தந்திரங்கள் என்ற பேச்சு மன்னிப்பைப் பற்றிச் சொல்லும்போதுதான் எழுகிறது. வாசலில் காவல் நிற்கிறீர்கள். கொல்லைக் கதவு நான்கு மாதமாகத் திறந்து கிடக்கிறது.

நெகேமியா 4-இல் வெளியார் கேலியும் சதியும் செய்தபோது ஒரு கையில் வேலை, மறு கையில் ஆயுதம் என்று எருசலேம் மதில் எழும்பிக்கொண்டிருந்தது. 5-ஆம் அதிகாரத்தில் கூக்குரல் உள்ளிருந்து வந்தது, அதுவும் கடன் விஷயமாக. சகோதரரே சகோதரரிடம் வட்டி வாங்கியிருந்தார்கள். நெகேமியா அதற்கு உபவாசம் கூறவில்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வைத்தார்.

சீட்டுச் சட்டப்படி நீங்கள் சரியாகவே இருக்கலாம். ஆனால் அக்கா ஏன் பிந்தினாள், எந்தச் செலவுக்காக அந்த முறையை நம்பியிருந்தாள் என்று கடிதத்தில் ஒரு சொல் இல்லை. கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். கூட்டத்தில் பெயர் சொன்னது தவறு. ஜெபக் குறிப்பு என்றாலும், வீட்டுச் சண்டையை ஊருக்கு அறிவித்ததுதான் அது. மத்தேயு 18:15 முதலில் தனியாகப் பேசச் சொல்கிறது, பிறகு ஒன்றிரண்டு பேர், சபை கடைசி. நீங்கள் கடைசியிலிருந்து தொடங்கிவிட்டீர்கள். ஆள் குறைந்ததற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்: அடுத்த பெயர் தன்னுடையதோ என்ற பயம் எல்லாருக்கும் வரும்.

உபவாசத்தை இரண்டு கிழமை நிறுத்துங்கள். வெறும் வயிற்றோடு, தண்ணீருமில்லாமல் சரிவில் கொழுந்து பறித்து, இரவில் தூக்கமும் கெட்டால் எரிச்சலும் பயமும் இரட்டிப்பாகும். இரண்டு மணிக்கு வரும் அந்த முகம் பிசாசு காட்டுவது அல்ல, பேசி முடிக்காத பேச்சு. இரவு ஜெபத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிழமை கழித்தும் தூக்கம் வராவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

சீட்டுக் கொப்பியில் அக்கா கட்டிய தவணைகளைப் பார்த்து, அடுத்த முறைகளில் எதை அவளுக்குத் தரமுடியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் நேரம் போகவேண்டாம், இருவரும் களைத்திருப்பீர்கள். ஞாயிறு பின்னேரம் தனியாகப் போங்கள். வேதப்புத்தகம் வேண்டாம். "கூட்டத்தில் உன் பெயரைச் சொன்னது என் பிழை, அக்கா" என்று சொல்லி நிறுத்துங்கள். அடுத்த சொல் "ஆனாலும் நீ" என்று வந்தால் போனது வீண். அவள் திட்டினால் கேளுங்கள். கதவே திறக்காவிட்டால் திரும்பி வந்து, ஒரு கிழமை கழித்து, இருவரும் மதிக்கும் பெரியவர் ஒருவரோடு போங்கள்.

சாவி விஷயத்தை அன்றைக்கு எடுக்கவேண்டாம்.