பிரெஞ்சு 'எக்ஸிஜே': ஆங்கிலத்தில் டிமாண்டா, ரிக்வயரா?

'எக்ஸிஜே' என்ற வினையின் எழுவாயைப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஆள் எழுவாயாக வந்தால் பெரும்பாலும் 'டிமாண்ட்': 'ஜெக்ஸீஜ் யூன் எக்ஸ்ப்ளிகாசியோன்' என்பது விளக்கம் தந்தே ஆகவேண்டும் என்று அதட்டிக் கேட்பது. விடாப்பிடி தொனிக்கும் இடத்தில் 'இன்சிஸ்ட் ஆன்' இன்னும் பொருந்தும். வேலை, சட்டம், சூழல் போன்றவை எழுவாயானால் 'ரிக்வயர்': 'ஸ த்ராவாய் எக்ஸீஜ் த லா பஸியான்ஸ்', அதாவது இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். 'கால் ஃபார்' என்றும் எழுதலாம்.

பலரும் சறுக்குவது 'தமாந்தே' என்ற இன்னொரு பிரெஞ்சுச் சொல்லில்தான். ஒலியை நம்பி அதை 'டிமாண்ட்' என்று பெயர்த்தால், பணிவாகக் கேட்டவரை மிரட்டியவராக்கிவிடுவீர்கள். அதன் பொருள் வெறும் 'ஆஸ்க்'.

'எக்ஸிஜே க' என்று தொடர்ந்தால் ('க' என்பது ஆங்கிலத்தின் 'தட்') அடுத்த வினை சப்ஜங்டிவ் வடிவில், அதாவது விருப்பம், கட்டளை போன்றவற்றுக்கான வினை வடிவில் வரவேண்டும்: 'ஜெக்ஸீஜ் கில் வியென்'. ஆங்கிலத்தில் அது 'ஐ டிமாண்ட் தட் ஹி கம்'. அங்கே 'கம்ஸ்' கூடாது. 'டிமாண்ட் ஹிம் டு கம்' என்பதும் பிழை. 'ரிக்வயர் ஹிம் டு கம்' சரி.

'எக்ஸிஜான்' என்ற பெயரடை ஆளைக் குறித்தால், எளிதில் திருப்தி அடையாதவர்.