மூக்கில் ஓர் எண், வாலில் ஓர் எண்: விமானத்தின் பதிவெண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்தை ஒட்டிய சங்குமுகம் போய் விமானங்களைப் படம் எடுக்கிறேன். பல படங்களில் வால்பக்கம் விழுவதில்லை. மூக்குச் சக்கரக் கதவில் உள்ள இரண்டு எழுத்து மட்டும் தெரிகிறது. அட்லாண்டாவில் இருக்கும் அண்ணன் அனுப்பும் படங்களில் 3301, 3801 என்று எண்கள் இருக்கின்றன. அவற்றைப் பதிவேட்டில் தேடினால் எதுவும் கிடைப்பதில்லை. முழுப் பதிவெண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அண்ணன் படங்களில் இருப்பவை பதிவெண்கள் அல்ல. நிறுவனம் தன் வசதிக்கு வைத்துக்கொள்ளும் ஃப்ளீட் நம்பர்கள். உங்கள் ஊர் வழியாக ஓடும் கேரள கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸுக்கு நிர்வாகம் வைத்த பானட் நம்பர் ஒன்றும், கேஎல்-15 என்று தொடங்கும் பதிவெண் ஒன்றும் இருக்கிறதல்லவா, அதே ஏற்பாடுதான். அரசுப் பதிவேட்டில் ஃப்ளீட் நம்பர் இருக்காது. அதனால்தான் உங்கள் தேடலில் ஒன்றும் வரவில்லை.

ஒன்றிலிருந்து மற்றதைக் கணக்குப் போட்டு எடுக்கலாம் என்று நினைப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனத்தையே பாருங்கள். என்801என்டபிள்யூ என்ற ஏர்பஸ் ஏ330-இன் ஃப்ளீட் நம்பர் 3301. என்801டிஇசட் என்ற போயிங் 737-900இஆர் விமானத்துக்கு 3801. பதிவெண்ணில் இரண்டுக்கும் 801தான். கடைசி இரண்டு எழுத்தை விட்டுவிட்டால் ஏர்பஸ்ஸும் போயிங்கும் ஒன்றாகிவிடும். முதலாவது நார்த்வெஸ்ட் நிறுவனத்திலிருந்து வந்த விமானம் என்பதால் அந்த நிறுவனத்தின் எழுத்துகள் அதில் தங்கிவிட்டன. யுனைடெட் நிறுவனத்தில், அதோடு இணைந்த காண்டினென்டல் நிறுவனத்தின் வழிவந்த விமானங்களுக்குப் பதிவெண்ணின் கடைசி மூன்று இலக்கங்களே போதும்: என்77012 என்பது 012. அமெரிக்கன் ஏர்லைன்ஸில் அந்த வழியும் கிடையாது. என்901ஏஎன் என்ற 737-800-க்கு 3ஏஏ என்று வைத்தார்கள். பட்டியல் கையில் இல்லாமல் இதை யாராலும் ஊகிக்க முடியாது.

ஆகவே நிறுவனம், விமான ரகம், படம் எடுத்த தேதி ஆகிய மூன்றையும் முதலில் குறித்துக்கொண்டு, அந்த ரகத்துக்கான பட்டியலை மட்டும் பாருங்கள். தேதி கட்டாயம் வேண்டும். ஒரு விமானம் விலகிய பிறகு அதன் பதிவெண்ணை அமெரிக்காவில் வேறு விமானத்துக்குக் கொடுப்பது வழக்கம்.

சங்குமுகம் படங்களுக்கு வருவோம். இந்தியப் பதிவெண் விடி என்ற முன்னொட்டும் மூன்று எழுத்துகளும் கொண்டது. கதவில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் இருந்தால் அந்த மூன்றில் முதல் எழுத்து தெரியாமல் போகும். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் இது பெரிய தொல்லை: விடி-ஏஎக்ஸ் வரிசை 737-800, விடி-பிஎக்ஸ் வரிசை 737 மேக்ஸ். கதவில் 'எக்ஸ்பி' என்றிருந்தால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். இன்ஜின் உறையின் பின்விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். ரம்பப்பல் போல வெட்டியிருந்தால் மேக்ஸ், வழவழவென்று வட்டமாக இருந்தால் 800. இறக்கை நுனியை மட்டும் நம்ப வேண்டாம். பழைய 737-களிலும் இரட்டை நுனி பொருத்துவதுண்டு. வால்பக்கம் விழவில்லை என்றால் இறக்கையின் அடிப்பக்கம் பாருங்கள். சர்வதேச விதிப்படி அங்கே எழுதும் எழுத்து குறைந்தது 50 செ.மீ. உயரம் இருக்க வேண்டும், உடலில் 30 செ.மீ. போதும். தலைக்கு மேல் போகும்போது எடுத்த படத்தில் இறக்கை எழுத்தே தெளிவாகக் கிடைக்கும்.

வளைகுடா விமானங்கள் என்றால் நாட்டு முன்னொட்டு கைகொடுக்கும்: அமீரகம் ஏ6, கத்தார் ஏ7, ஓமன் ஏ4ஓ, பஹ்ரைன் ஏ9சி, குவைத் 9கே. மாலத்தீவு 8க்யூ, இலங்கை 4ஆர்.

விமானத் தடச் செயலிகளில் ஆறு இடங்கள் கொண்ட ஹெக்ஸ் குறி (எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்தது) ஒன்று இருக்கும். 80 முதல் 83 வரையிலான எண்களில் தொடங்கினால் இந்தியப் பதிவு, ஏ என்று தொடங்கினால் அமெரிக்கப் பதிவு. அமெரிக்காவில் என்1 என்ற பதிவெண்ணுக்கு ஏ00001 என்று ஆரம்பித்து வரிசையாகப் போவதால், குறியிலிருந்தே பதிவெண்ணைக் கணக்கிடலாம். இந்திய விமானத்துக்குப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் அட்டவணையில் ஃப்ளீட் நம்பரையோ பதிவெண்ணையோ அடிப்படையாக வைக்காதீர்கள். விமானம் கைமாறினால் இரண்டும் மாறலாம். தொழிற்சாலை கொடுத்த தயாரிப்பு எண் மட்டும் கடைசிவரை மாறாது. அமெரிக்கப் பதிவேட்டில் பதிவெண்ணைத் தட்டினால் தயாரிப்பு எண் வந்துவிடும். இந்திய விமானங்களுக்கு டி.ஜி.சி.ஏ. என்ற விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வெளியிடும் பட்டியல் இருக்கிறது. எண்ணோடு ரகத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஏர்பஸ் ஏ320 குடும்பத்துக்கு ஒரு வரிசை, ஏ330-க்கு வேறொரு வரிசை என்பதால் ஒரே எண் இரண்டிலும் வரும்.

நேரத்தில் ஒரு கண் வையுங்கள். தடப் பதிவுகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். திருவனந்தபுரத்திலிருந்து அதிகாலை 1.30-க்குக் கிளம்பும் வளைகுடா விமானம் பதிவில் முந்தைய நாள் 20.00 என்று இருக்கும். தேதியைத் திருத்தாமல் தேடினால் அதே ஃப்ளைட் நம்பரில் அடுத்த நாள் பறந்த வேறு விமானத்தின் பதிவெண் கையில் கிடைக்கும், பார்வைக்குச் சரியாகவே தோன்றும். கேமரா கடிகாரம் இந்திய நேரத்தில் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் படம் எடுக்கும் முன் சரிபாருங்கள்.