திறப்பு வீட்டுக்குள் இருக்க, வாகனம் மட்டும் களவு போவது எப்படி?

கேள்வி: கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் வசிக்கிறோம். எங்கள் 2021 ரொயோட்டா ஹைலாண்டர் இரவில் வீட்டு முன்றலில்தான் நிற்கும். இரண்டு வீடு தள்ளி நின்ற அதே ரக வாகனத்தைப் போன மாதம் விடியப்புறம் கொண்டுபோய்விட்டார்கள். கண்ணாடிகூட உடையவில்லை, திறப்பு இரண்டும் அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. சிக்னலைத் தடுக்கும் பை ஒன்றை ஒன்லைனில் வாங்கி என் திறப்பை அதற்குள் வைக்கிறேன். இது போதுமா?

பதில்: போதாது. ஆனால் பையைக் கைவிடாதீர்கள். அது ஒரு வகைக் களவைத் தடுக்கிறது. உங்கள் வாகனத்தைக் கொண்டுபோக இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன.

பை தடுக்கும் களவு இதுதான். நீங்கள் கதவுக் கைபிடியைத் தொட்டதும் வாகனம் மிகக் குறைந்த அதிர்வெண்ணில் ஒரு சமிக்ஞை அனுப்பும். திறப்பு ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றருக்குள் இருந்தால்தான் அதைக் கேட்கும், கேட்டதும் பதில் அனுப்பும். திருடர்கள் இருவராக வருகிறார்கள். ஒருவர் வாகனத்தடியில் கைபிடியைத் தொடுவார், மற்றவர் அன்ரெனாவோடு உங்கள் வீட்டுச் சுவரோரம் நிற்பார். வாகனத்தின் சமிக்ஞை அவர்களின் கருவிகள் வழியாக வீட்டுக்குள் போகிறது, கதவடியில் கொளுவியிருக்கும் திறப்பும் வாகனம் பக்கத்தில் நிற்பதாக நம்பிப் பதில் சொல்கிறது. இரகசியக் குறியீட்டை யாரும் உடைப்பதில்லை. அதனால் குறியீடு எவ்வளவு பலமாக இருந்தாலும் பயனில்லை. 2011இலேயே சூரிச் இரிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து வாகனங்களில் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். ஒருமுறை இயந்திரம் இயங்கத் தொடங்கினால் திறப்பு தூரமானாலும் நிற்காது. நெடுஞ்சாலையில் திடீரென்று நின்றால் உயிருக்கு ஆபத்து என்பதால் அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

பையை இன்றைக்கே சோதியுங்கள். திறப்பைப் போட்டு மூடி, வாகனக் கதவடியில் நின்று கைபிடியைத் தொடுங்கள். கதவு திறந்தால் அந்தப் பை குப்பைக்குத்தான். உள்ளே இருக்கும் உலோகத் துணி மடிந்து மடிந்து விரிசல் விடும், ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பிஸ்கட் ரின் போன்றவற்றில் வைப்பவர்களும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். யாராவது பார்க்காமல் அதை இயக்கிவிட்டால் திறப்பும் போகும், தீயும் பிடிக்கும். நீங்கள் உங்கள் திறப்பைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். மேசை லாச்சியில் கிடக்கும் இரண்டாவது திறப்பும் அதே மாதிரிப் பதில் சொல்லும்.

ரொயோட்டாவின் இவ்வகைத் திறப்புகளில் காசு செலவில்லாத ஒரு வசதியும் இருக்கிறது. பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள். சின்ன விளக்கு நான்கு முறை மின்னினால் திறப்பு உறங்கிவிட்டது என்று அர்த்தம். பற்றரியை மிச்சப்படுத்தக் கொடுத்த வசதிதான், ஆனால் இந்தக் களவுக்கு நல்ல மருந்து. காலையில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் விழித்துக்கொள்ளும்.

சரி, மற்ற இரண்டு வழிகளுக்கு வருவோம். எனக்குக் கூடுதல் கவலை தருபவை இவைதான், ஏனென்றால் இவற்றுக்கு உங்கள் திறப்பே தேவையில்லை. 2022இல் லண்டனில் இயன் ரேபர் என்ற வாகனக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளரின் ரொயோட்டா ராவ்4 களவு போனது. அதற்கு முன் முன்பம்பர் இழுபட்டும், முன்விளக்கு வயர் கழற்றப்பட்டும் கிடந்ததைக் கண்டு, யாரோ நாசவேலை செய்திருக்கிறார்கள் என்றே அவரும் நினைத்தார். உண்மையில் திருடர்கள் முன்விளக்கு வயர் வழியாக வாகனத்தின் உள்வலையமைப்பில் கருவியைச் சொருகி, “சரியான திறப்பு இருக்கிறது” என்ற பொய்ச் செய்தியை அனுப்பியிருக்கிறார்கள். அவரும் கென் ரிண்டெல் என்பவரும் ஆராய்ந்து 2023இல் இதை வெளிப்படுத்தினார்கள். ஆகவே ஒரு காலையில் சில்லுக்கு மேலுள்ள பிளாஸ்ரிக் இளகியிருந்தால் கராஜில் சரிபண்ணிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். பொலிசுக்குச் சொல்லுங்கள், வாகனத்தை இடம் மாற்றி நிறுத்துங்கள்.

மூன்றாவது வழி, எப்படியோ உள்ளே ஏறி, ஸ்ரியரிங்குக்குக் கீழே மெக்கானிக் கணினி பொருத்தும் சொக்கற்றில் கருவியை மாட்டிப் புதுத் திறப்பையே பதிவுசெய்வது. அதற்குச் சில நிமிடம் போதும். கனடாவில் விற்கும் புது வாகனங்களில் 2007 செப்ரெம்பரிலிருந்து இம்மொபிலைசர், அதாவது சரியான திறப்பு இல்லாமல் இயந்திரத்தை இயங்கவிடாத கருவி, கட்டாயம்தான், ஆனால் அந்த விதி எழுதியபோது இந்தக் கருவிகள் சந்தையில் இல்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் காசை, இரகசிய எண்ணை அழுத்தினால்தான் வாகனம் ஓடும் மேலதிக இம்மொபிலைசருக்குத்தான் செலவழிப்பேன். மூன்று வழியில் எதில் வந்தாலும் அது குறுக்கே நிற்கும். அதை அனுபவமுள்ள இடத்தில் பொருத்துங்கள். அதற்கு முன் காப்புறுதி நிறுவனத்தைக் கேளுங்கள். களவு அதிகம் போகும் ரகங்களுக்குச் சில நிறுவனங்கள் குறிப்பிட்ட கண்காணிப்புக் கருவியையே கேட்கின்றன, பொருத்தாவிட்டால் மேலதிகக் கட்டணம் வரும். அவ்வளவு செலவழிக்க இப்போது வசதியில்லையென்றால் நல்ல தடித்த ஸ்ரியரிங் பூட்டு ஒன்று வாங்குங்கள். அதை அறுக்க முடியும்தான், ஆனால் அறுக்கச் சத்தமும் நேரமும் வேண்டும், திருடர் விரும்பாதவை அவை இரண்டும். கராஜைத் துப்புரவாக்கி வாகனத்தை உள்ளே விட முடிந்தால் அதைவிட நல்லது.

திறப்பைக் கதவடியில் வைக்கலாமா என்ற குழப்பமும் பலருக்கு உண்டு. திருடர்கள் வீட்டுக்குள் ஏறாமல் இருக்கத் திறப்பைப் பையில் போட்டு வாசலிலேயே விட்டுவிடுங்கள் என்று ரொறன்ரோ பொலிஸ் அதிகாரி ஒருவர் 2024இல் கூட்டமொன்றில் சொன்னது பெரிய சர்ச்சையானது. வாசலில் விடுவதை நான் ஏற்கமாட்டேன். பிள்ளைகள் படுக்கும் மாடிக்கும் கொண்டுபோக வேண்டாம். கீழ்த்தளத்தில், பைக்குள், வாசலிலிருந்து தெரியாத இடத்தில் வையுங்கள்.

இரவில் முன்றலில் யாரையாவது கண்டால் வெளியே போகாதீர்கள், உள்ளே நின்று 911ஐ அழையுங்கள். வாகனத்துக்குள் ஒளித்துவைத்த கருவி, களவுபோன பிறகு இடத்தைக் காட்டினாலும் நீங்களாகத் தேடிப் போக வேண்டாம், விபரத்தைப் பொலிசுக்குக் கொடுங்கள். தாமதிக்கவும் வேண்டாம். இங்கே களவு போகும் பல வாகனங்கள் கொள்கலனில் ஏறி மொன்றியல் துறைமுகம் வழியாக நாட்டைவிட்டுப் போய்விடுகின்றன. கொள்கலன் கப்பலேறிவிட்டால் மீட்பது மிகவும் கடினம்.