கேட்டவர் நீங்கள்: வாக்குப்பதிவுக்கு முந்தைய வாக்குப்பதிவு

அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன்பாக ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர் யார் என்பதை மக்களிடமே கேட்டு முடிவு செய்யும் முதனிலைத் தேர்தலைப் பற்றி, அதாவது அங்கே ‘பிரைமரி’ என்று சொல்லப்படுவதைப் பற்றி, சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். மதுரையிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். சமையல் எரிவாயு பற்றியும் மூட்டுவலி பற்றியும் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் மகனும் மருமகளும் நியூஜெர்சியில் குடியுரிமை பெற்று வாழ்கிறார்கள். இருவருமே ஜனநாயகக் கட்சியை ஆதரிப்பவர்கள். 2028 தேர்தலுக்கு யாரை நிறுத்த வேண்டும் என்பதில் இப்போதே சாப்பாட்டு மேசையில் சண்டை நடக்கிறது. எதிர்க்கட்சிக்காரரைக்கூட அவர்கள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஒரே கட்சிக்காரர்கள் இப்படி அடித்துக்கொள்ளலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, பழங்காநத்தம்

பதில்: அம்மா, அடித்துக்கொள்வதற்கென்றே ஏற்பட்ட பருவம் அது. இரண்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர் மூன்றாம் முறை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்று 1951இல் நடைமுறைக்கு வந்த 22ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சொல்வதால், 2028இல் இரண்டு கட்சிகளிலுமே இடம் காலியாக இருக்கும். மாட்டுத்தாவணியில் பேருந்து வந்து நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டு போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். காலி இருக்கை என்றால் எந்த நாட்டிலும் அப்படித்தான்.

உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அந்தச் சண்டை வந்து சேர்ந்த வழி சுலபமானதன்று. ஒரு காலத்தில் கட்சிப் பெரியவர்கள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வேட்பாளரை முடிவு செய்தார்கள். 1912இல் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் குடியரசுக் கட்சியின் முதனிலைத் தேர்தல்களில் பெரும்பாலானவற்றை வென்றும், கட்சி மாநாடு அப்போதைய அதிபர் டாஃப்ட்டையே நிறுத்தியது. கோபித்துக்கொண்டு ரூஸ்வெல்ட் தனிக்கட்சி கண்டார், வாக்குகள் பிரிந்தன, ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் வென்றார். 1968இல் ஜனநாயகக் கட்சியில் நடந்தது இன்னும் மோசம். வியட்நாம் போரை எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்தி, நியூ ஹாம்ப்ஷயர் மாநில முதனிலைத் தேர்தலில் பதவியிலிருந்த அதிபர் ஜான்சனுக்கு எதிராக ஏறத்தாழ 42 சதவீத வாக்குகளைப் பெற்றார். வென்றவர் ஜான்சன்தான், ஆனாலும் அந்த மார்ச் 31ஆம் தேதி, மறுபடி போட்டியிடப் போவதில்லை என்று அவரே அறிவித்துவிட்டார். ஜூனில், அதே போட்டியில் இருந்த ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோ மாநாடு, ஒரு முதனிலைத் தேர்தலில்கூடப் போட்டியிடாத துணை அதிபர் ஹம்ஃப்ரியை வேட்பாளராக்கியபோது, வெளியே தெருவில் இளைஞர்கள்மீது தடியடி நடந்துகொண்டிருந்தது. ஹம்ஃப்ரி, குடியரசுக் கட்சியின் நிக்சனிடம் தோற்றார். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட ஆணையத்தின் பரிந்துரைகளால்தான் 1972 முதல், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாட்டுப் பிரதிநிதிகளில் பெரும்பாலோரை மக்களின் வாக்கே தீர்மானிக்கத் தொடங்கியது. உங்கள் மகனும் மருமகளும் போடும் சண்டை, அந்த மூடிய அறையிலிருந்து பிடுங்கி வரப்பட்ட உரிமை.

பேசிய பேச்சு என்னவாகும் என்று கவலைப்படுகிறீர்கள். 1980இல், கட்சிக்குள் தன்னோடு போட்டியிட்ட ரீகனின் பொருளாதாரத் திட்டத்தை ‘பில்லி சூனியப் பொருளாதாரம்’ என்ற பொருளில் கேலி செய்த மூத்த ஜார்ஜ் புஷ், அதே ஆண்டில் அவருக்கே துணை அதிபர் வேட்பாளரானார். 2019 ஜூனில் விவாத மேடையில் ஜோ பைடனை, பள்ளிகளில் இன ஒருங்கிணைப்பு பற்றிய அவருடைய பழைய நிலைப்பாட்டுக்காக நேருக்கு நேர் நிறுத்திக் கேட்ட கமலா ஹாரிஸை, 2020 ஆகஸ்டில் பைடனே துணைக்கு அழைத்துக்கொண்டார். எல்லாக் காயமும் இப்படி ஆறிவிடும் என்று சொல்லமாட்டேன். 1980இல் அதிபர் கார்ட்டரை எதிர்த்து மாநாடு வரைக்கும் விடாமல் போராடித் தோற்ற எட்வர்ட் கென்னடி, மேடைக்கு வந்தும், இருவரும் கைகோத்து உயர்த்தும் வழக்கமான காட்சி அன்று நடக்கவில்லை. நவம்பரில் கார்ட்டர் தோற்றார். ஆகவே மருமகளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: வேட்பாளரைத் திட்டலாம், அவருக்கு வாக்களிப்பவரை முட்டாள் என்று மட்டும் சொல்லக் கூடாது. அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அல்லவா?

கேள்வி: எங்கள் கல்லூரியில் ‘மாதிரி முதனிலைத் தேர்தல்’ ஒன்றை நடத்த இருக்கிறோம். மனத்துக்குப் பிடித்தவரை ஆதரிப்பதா, வெல்லக் கூடியவரை ஆதரிப்பதா என்பதிலேயே எங்கள் குழு இரண்டாக நிற்கிறது.
– முதுகலை மாணவி, நாகமலை புதுக்கோட்டை

பதில்: பட்டிமன்றத்துக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு தலைப்பை என்னிடம் கேட்கிறீர்களே! நாங்களும் ஒருமுறை இதை நடத்திப் பார்த்தோம். 2020 ஜனவரியில், அண்ணா நகரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில், ஓய்வுபெற்ற ஒன்பது பேர் கூடி, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்று தீர்மானிப்பதென்று முடிவு செய்தோம். எங்களில் ஒருவருக்கும் அங்கே வாக்கில்லை என்பது எங்கள் ஆவேசத்தைச் சிறிதும் குறைக்கவில்லை. நான்கு கிண்ணங்கள் வைத்து, ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்தோம். சாண்டர்ஸ் கிண்ணத்தில் நான்கு, பைடனுக்கு இரண்டு, எலிசபெத் வாரனுக்கு இரண்டு, பூட்டிஜெஜுக்கு ஒன்று விழுந்தன.

அயோவா மாநிலத்தில் அப்போது ஜனநாயகக் கட்சியினர் நடத்திய காக்கஸ் கூட்டத்தின் விதியை நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம். அங்கே வாக்குச்சீட்டுக்குப் பதிலாக மனிதர்கள்தான். பள்ளி விளையாட்டுக்கூடத்திலோ தேவாலயக் கூடத்திலோ ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. ஆதரவாளர்கள் அங்கே போய் நிற்க, தலை எண்ணப்படும். பொதுவாகக் கூட்டத்தில் 15 சதவீதத்தை எட்டாத மூலை கலைய வேண்டும்; அதில் நின்றவர்களை மற்ற மூலைக்காரர்கள் வந்து இழுப்பார்கள். ஒன்பதில் ஒன்று 15 சதவீதத்துக்குக் கீழே என்பதால், எங்கள் கூட்டத்தில் பூட்டிஜெஜை ஆதரித்த ஒரே மனிதர், வங்கியில் மேலாளராக இருந்தவர், வாழ்நாளிலேயே அத்தனை பேர் தம்மைக் கெஞ்சியதில்லை என்ற பெருமிதத்துடன் கால்மணி நேரம் யோசித்து, கொட்டையை வாரனின் கிண்ணத்தில் போட்டார். முடிவு: சாண்டர்ஸ் 4, வாரன் 3, பைடன் 2.

பிறகு நடந்தது ஊரறிந்தது. உண்மையான அயோவாவில் பைடன் நான்காம் இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம். அவர் கதை முடிந்தது என்றார்கள். பிப்ரவரி 29 அன்று தெற்குக் கரோலினாவில் கறுப்பின வாக்காளர்கள் பெருந்திரளாக அவருக்கு வாக்களித்தார்கள். பூட்டிஜெஜும் இன்னொரு போட்டியாளரான ஏமி குளோபச்சரும் உடனே விலகி அவரை ஆதரித்தார்கள். பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் ‘சூப்பர் செவ்வாய்’ அன்று, அதாவது மார்ச் 3இல், பதினான்கு மாநிலங்களில் பத்து அவர் பக்கம் போயின. எங்கள் மாடியில் எல்லோருக்கும் கடைசியாக நின்றவர் அதிபரானார்.

‘வெல்லக் கூடியவர்’ என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கருவி யாரிடமும் இல்லை என்பதற்காகத்தான் இத்தனையும் சொன்னேன். 2008இல் ஒபாமாவை வெள்ளையர் ஆதரிக்கமாட்டார்கள் என்று கறுப்பின வாக்காளர்களிலேயே பலர் தயங்கினார்கள். வெள்ளையர் மிகுந்த அயோவாவில் ஜனவரி 3 அன்று அவர் வென்ற பிறகுதான் அந்தத் தயக்கம் கரைந்தது. அடுத்தவர் யாருக்கு வாக்களிப்பார் என்று ஊகித்து நாம் வாக்களிக்க, அடுத்தவரும் நம்மைப் பற்றி அதையே ஊகித்துக்கொண்டிருந்தால், கடைசியில் யாருக்குமே பிடிக்காத ஒருவர் வந்து சேரக்கூடும். உங்கள் தேர்தலில் சீட்டில் ஒரு பெயரை மட்டும் எழுதச் சொல்லாமல், இரண்டாவது விருப்பத்தையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது விருப்பங்களை எண்ணும்போது அறையில் எழும் சத்தத்தை எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: நம் முன்னோர் கண்ட குடவோலை முறைதானே அமெரிக்க பிரைமரிக்கு முன்னோடி?
– வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: இல்லை. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு விரிப்பது தேர்தலன்று, குலுக்கல். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். யாருக்கும் யாரையும் பிடிக்க வேண்டிய அவசியம் அதில் இல்லை. ஆனால் ஓலையில் பெயர் ஏறுவதற்கு முன்பே நிலம், வீடு, வயது, கல்வி என்று தகுதிகள் பார்க்கப்பட்டன. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரின் உறவினர்கூட விலக்கப்பட்டார். அந்த ஒரு விதியை மட்டும் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்யலாம். இங்கே நமக்கும் ஒரு படி வைத்துக்கொண்டு.

கேள்வி: வேட்பாளர் நம் தமிழ் வம்சாவளி என்றால் ஆதரிப்பதில் என்ன தவறு?
– வாசகர், செல்லூர்

பதில்: கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனாரின் ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் அவருக்காக அர்ச்சனை நடந்தது. ஆனால் 2020 முதனிலைப் போட்டியிலிருந்து அவர், முதல் வாக்கு விழுவதற்கு முன்பே, 2019 டிசம்பரில் விலகினார். 2024இல் வேட்பாளரானது, முதனிலைத் தேர்தல்கள் முடிந்து பைடன் ஜூலை 21 அன்று ஒதுங்கிக்கொண்ட பிறகு. பெருமைப்படுங்கள், அவருடைய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்ன என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: விருப்ப மனு வாங்கி, நேர்காணல் நடத்தி, கடைசியில் தலைமை ஒருவரை அறிவிக்கிறது. இதற்குப் பதிலாக நம் கட்சிகளும் பிரைமரி நடத்தினால் என்ன?
– ஒரு கட்சியின் கிளை உறுப்பினர், மேலூர்

பதில்: 2014 மக்களவைத் தேர்தலுக்கு முன் காங்கிரஸ் கட்சி சில தொகுதிகளில் முயன்று பார்த்தது, தொடரவில்லை. சிக்கல் எங்கே என்றால், உறுப்பினர் பட்டியல் கட்சிக்காரரின் அலமாரியில் இருக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் வாக்காளராகப் பதியும்போதே இன்ன கட்சி என்று அரசிடம் பதிந்துகொள்கிறார்கள். அந்தத் தேர்தல்களில் பெரும்பாலானவற்றை நடத்துவதும் மாநில அரசுதான். நம் தெருவில் யார் எந்தக் கட்சி என்று அரசாங்கப் பதிவேட்டில் ஏறினால், பட்டா மாறுதலுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் போய் நிற்கிறவரின் நிலை என்னவாகும் என்று யோசியுங்கள். தேநீர்க் கடைக்காரருக்கு ஏற்கெனவே தெரியும் என்பது வேறு விஷயம். அவர் தேநீர் மட்டும்தான் தருகிறார்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் ஊராட்சித் தேர்தல் வந்தால், ஊர்க்கூட்டம் போட்டு ‘இவர்தான் நிற்க வேண்டும்’ என்று முடிவு செய்துவிடுவார்கள். வீண்செலவும் பகையும் மிச்சம். இதுவும் ஒரு பிரைமரிதானே?
– விவசாயி, உசிலம்பட்டி வட்டம்

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது உங்களுடையதுதான் ஐயா. தோற்றத்தில், நான் மேலே சொன்ன 2020 அயோவா காக்கஸும் உங்கள் ஊர்க்கூட்டமும் பங்காளிகள். இரண்டிலும் ரகசிய வாக்கு இல்லை. முதலாளி எந்த மூலையில் நிற்கிறார் என்று கூலிக்காரருக்குத் தெரியும், கூலிக்காரர் எங்கே நிற்கிறார் என்று முதலாளிக்கும் தெரியும். அங்கேயும் இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நெடுங்காலம் ஜனநாயகக் கட்சியைத் தவிர வேறு கட்சி வெல்வது அரிதாக இருந்தது. ஆகவே அக்கட்சியின் முதனிலைத் தேர்தலில் வென்றவர் வென்றவர்தான். நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. டெக்சாசில் அந்த முதனிலைத் தேர்தலில் கறுப்பினத்தவர் வாக்களிக்கக் கூடாது என்று 1923இல் சட்டமே போட்டார்கள். உச்ச நீதிமன்றம் அதை அடித்ததும், ‘கட்சி என்பது தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் விருப்பம்’ என்று கட்சியின் பெயரால் அதே கதவைச் சாத்தினார்கள். நவம்பரில் போய் வாக்களிக்க அவர்களுக்குத் தடையில்லை என்பதுதான் வாதம். ஹூஸ்டனைச் சேர்ந்த லோனி ஸ்மித் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் தொடுத்த வழக்கில், பின்னாளில் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல் வாதாடி, 1944இல்தான் அந்தத் தடை உடைந்தது.

இதை நான் டெக்சாசுக்காக மட்டும் சொல்லவில்லை என்பது உங்களுக்குப் புரியும். உங்களுக்குப் பக்கத்திலேயே பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, பத்து ஆண்டுகள் அங்கே முறையாக ஒரு தலைவர் இருந்து பணியாற்ற முடியவில்லை. வேட்புமனு இருக்காது, இருந்தால், வென்ற கையோடு ராஜினாமா இருக்கும். அப்போதும் யார் நிற்பது, யார் விலகுவது என்பதை ஊர் கூடித்தான் முடிவு செய்தது. செலவும் மிச்சமாகத்தான் இருந்தது. 2006 அக்டோபரில்தான் நிலைமை மாறியது.

உங்கள் ஊர்க்கூட்டம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவரவில்லை. எனக்கு அதைப் பற்றித் தெரியாது. கூட்டம் எந்த இடத்தில் நடக்கிறது, எந்தத் தெருக்காரர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், எந்தத் தெருக்காரர்கள் ஓரத்தில் நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள், பெண்கள் வருகிறார்களா, ‘எனக்கு இவர் வேண்டாம், இன்னொருவர்தான் வேண்டும்’ என்று கடைசியாக யார் எப்போது எழுந்து சொன்னார், சொன்னவர் மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனாரா என்பதையெல்லாம் எழுதி அனுப்புங்கள். அது பிரைமரியா இல்லையா என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.