எடிசனும் ஹார்லெமும் (கடிதம்)

வணக்கம் சார்,

நியூஜெர்சி எடிசனில் பதினாறு வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். மென்பொருள் வேலை.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். குடியேறிய இரண்டு சமூகங்களின் பொருளாதார நிலையை ஒப்பிட்டு எழுத வேண்டும். ஒன்று இந்தியர்கள். இன்னொன்றாக அவள் எடுத்துக்கொண்டது மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல்காரர்களை, ஏனென்றால் அவளுடைய தோழி ஒருத்தி செனகல் வீட்டுப் பெண். தோழியின் அப்பா மன்ஹாட்டனில் தெருவோரம் பையும் தொப்பியும் விற்கிறார். அம்மா ஹார்லெமில் முடி பின்னும் கடையில் வேலை பார்க்கிறார்.

மகள் போட்ட வரைபடத்தில் நம் கம்பம் உச்சியில் நிற்கிறது, அவர்களுடையது கீழே. "ஏம்ப்பா இப்படி?" என்றாள். படிப்பு, சிக்கனம், ஒழுக்கம் என்றேன். "அப்ப அவ அப்பாவுக்கு ஒழுக்கம் இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். அந்த மனிதர் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து சரக்கு எடுக்கப் போகிறவர், குடிப்பழக்கம் கிடையாது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனாலும் நம்மிடம் ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நாங்களும் கையில் இரண்டு பெட்டியோடு மட்டும்தான் வந்து இறங்கினோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கிப் போட்டிருக்கிறேன். உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. நீங்கள் சொன்ன பதில் நம் வீடுகளில் எல்லோரும் சொல்லும் பதில்.

முதலில் அந்த இரண்டு பெட்டி. அமெரிக்கா போன நம் ஆட்கள் எல்லோரும் இதைச் சொல்கிறார்கள், என் மைத்துனர் உட்பட. பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. இட்லித்தட்டு, ஊறுகாய், மிளகாய்ப்பொடி இவற்றோடு ஒரு பொறியியல் பட்டமும் இருந்தது. கம்பெனி கொடுத்த வேலைக் கடிதம் இருந்தது. பாஸ்போர்ட்டில் ஹெச்1பி என்ற வேலை விசா முத்திரை இருந்தது. இறங்கிய மாதமே சம்பளம் வர ஆரம்பித்தது. தோழியின் அப்பாவும் பெட்டியோடுதான் வந்திருப்பார்.

1990ல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தியது. ஹெச்1பி பிறந்தது அந்தச் சட்டத்தில். வருடத்துக்கு 65,000 பேர், பிற்பாடு அமெரிக்காவிலேயே மேற்படிப்பு முடித்தவர்களுக்கென்று இன்னொரு 20,000. ஒப்புதல் பெறும் ஹெச்1பிகளில் பத்துக்கு ஏழு இந்தியர்களுக்குப் போகிறது. அதே சட்டம் இன்னொரு கதவையும் திறந்து வைத்தது. லாட்டரி விசா என்று நாம் சொல்வது அதைத்தான். எந்த நாட்டிலிருந்து குறைவான பேர் வந்திருக்கிறார்களோ அந்த நாட்டவருக்குக் குலுக்கல் நடத்துவார்கள். பன்னிரண்டு வருடப் பள்ளிப்படிப்பு இருந்தால் போதும். அதுவும் இல்லாவிட்டால், பயிற்சி தேவைப்படும் ஒரு தொழிலில் இரண்டு வருட அனுபவம். செனகல்காரர் இதற்கு மனு போட முடிந்தது. இந்தியர் போட முடியவில்லை, ஏற்கெனவே நம்மவர்கள் நிறையப் போய்விட்டார்கள் என்பதால். ஒரே சட்டம்தான். ஒரு பக்கம் பட்டத்தைப் பார்த்து ஆள் எடுத்தது, மறுபக்கம் சீட்டுக் குலுக்கி எடுத்தது.

இந்தியர் தலைமையிலான குடும்பங்களின் இடைநிலை வருமானம் 2023ல் ஒன்றரை லட்சம் டாலர். மொத்த அமெரிக்காவுக்கும் அது ஏறத்தாழ எண்பதாயிரம். சரிதான். ஆனால் அங்கே இருபத்தைந்து வயது தாண்டிய இந்தியர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் பட்டதாரிகள். இந்தியாவிலோ அது பத்தில் ஒருவரைச் சுற்றித்தான் நிற்கிறது. சலித்து எடுத்த மாவை ஒரு தட்டிலும் அரைத்தபடியே கொட்டிய மாவை இன்னொரு தட்டிலும் வைத்துவிட்டு, எந்த வீட்டு அரிசி உசத்தி என்று கேட்கிறோம்.

'குடும்ப வருமானம்' என்ற கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எடிசனில் ஒரு குடும்பம் என்றால் பெரும்பாலும் இரண்டு சம்பளம். செனகல்காரர்களில் பலர் மனைவி மக்களைச் சொந்த ஊரான லூகாவிலோ தூபாவிலோ விட்டுவிட்டு வந்து, நாலைந்து பேராக அறை எடுத்துத் தங்குகிறார்கள். (உங்கள் மகளின் தோழி அப்பா அம்மா இருவரோடும் இருக்கிறாள், அந்த வகையில் கொடுத்து வைத்தவள்.) செனகல் தலைநகர் டாக்கரில் படித்த டாக்டரும் இன்ஜினியரும் ஹார்லெமுக்கு வருவதில்லை. படித்தது பிரெஞ்சில், அதனால் பாரிஸுக்கும் மாண்ட்ரியாலுக்கும் போய்விடுகிறார்கள். இதை ஆப்பிரிக்காவின் கோளாறு என்று நினைப்பவர்கள் நைஜீரியர்களைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போன அவர்களிடையே பட்டதாரிகளின் விகிதம் அமெரிக்கர்களிடையே இருப்பதைவிட அதிகம்.

சரி, சல்லடையே இல்லாத இடம் எங்கே? இந்தியரும் செனகல்காரரும் ஒரே மாதிரிக் கதவு வழியாகப் போய்ச் சேர்ந்த நாடு ஒன்று இருக்கிறது. இத்தாலி.

ஆறேழு வருடம் முன்பு அங்கே மூன்று வாரம் இருந்தேன். ஃப்ளாரன்ஸில் திடீர் மழை. எங்கிருந்து முளைத்தார் என்று தெரியவில்லை, என் முழங்கையருகே குடைக்கட்டோடு ஒருவர். பத்து யூரோ என்றார், ஐந்துக்கு இறங்கினார். "இந்தியா?" என்று கேட்டுவிட்டு ஒரு பழைய இந்திப் பாட்டின் இரண்டு வரியை ராகம் பிசகாமல் பாடினார். செனகலில் இந்திப் படப் பைத்தியம் அதிகம். நான் இந்தி தெரியாத இந்தியன் என்றதை அவர் நம்பவே இல்லை. மழை விட்டதும் சுவரோரம் வெள்ளைத் துணியை விரித்துப் பைகளை அடுக்கினார். துணியின் நாலு முனையிலும் கயிறு, நாலும் அவர் கைக்குள். தெருமுனையில் போலீஸ் தலை தெரிந்ததும் ஒரே இழுப்பு. கடை மூட்டையாகித் தோளில் ஏறிவிட்டது. அவ்வளவு நேர்த்தியை நான் சர்க்கஸில்தான் பார்த்திருக்கிறேன்.

ஊரில் அவர் குடும்பத்துக்கு நிலக்கடலை விவசாயம். பிரெஞ்சுக்காரர்கள் செனகல் மண்ணையே கடலைக்காடாக ஆக்கி வைத்திருந்தார்கள். எழுபதுகளின் வறட்சி அதைச் சாய்த்தது. 1974ல் பிரான்ஸ் வேலைக்கு ஆளெடுப்பதை நிறுத்திவிட, அடுத்து வந்தவர்கள் இத்தாலிப் பக்கம் திரும்பினார்கள். 1990ல் இத்தாலி, ஆவணம் இல்லாமல் இருந்தவர்களுக்குப் பொதுமன்னிப்புப் போலக் காகிதம் கொடுத்தது. அப்படி வந்து போகும் சம்பாத்தியக்காரரை அவர்கள் மொழியான உவோலொஃபில் 'மோது-மோது' என்கிறார்கள். நம்மூரில் 'துபாய்க்காரர்' என்பது போல, கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் கேலியும் கலந்த சொல்.

அதே பயணத்தில் வடக்கே போ ஆற்றுச் சமவெளியில் ஒரு மாட்டுப்பண்ணைக்குப் போனேன். பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்குப் பால் கொடுக்கும் வட்டாரம். மாடு மேய்க்க இத்தாலியப் பையன்கள் வராமல் போன எண்பதுகளில் அங்கே வேலைக்கு வந்தவர்கள் பஞ்சாபிகள். நான் பார்த்தவர் ஹோஷியார்பூர் பக்கத்துக்காரர், பி.ஏ. படித்தவர். இரவு இரண்டரைக்கு எழுந்து முதல் கறவை, மதியம் மறு கறவை. பண்ணையே கொடுத்த வீடு, வாசலில் கொத்தமல்லிப் பாத்தி, உள்ளே இத்தாலிய மொழியில் சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு பிள்ளைகள். நல்ல வேலை என்றே சொன்னார். பக்கத்து நொவெல்லாராவில் பெரிய குருத்வாரா இருக்கிறது, 2000ல் இத்தாலியின் முன்னாள் பிரதமர் ரொமானோ ப்ரோதி வந்து திறந்து வைத்தார்.

இது நல்ல பக்கம். ரோமுக்குத் தெற்கே லத்தீனா வட்டாரக் காய்கறிக் கூடாரங்களுக்குப் போனால் வேறு காட்சி. அங்கேயும் பஞ்சாபிகள்தான். முதலாளியை 'பத்ரோனே' என்று கூப்பிட வேண்டும். சட்டம் சொல்லும் கூலி ஒன்று, கையில் வருவது மணிக்கு நாலைந்து யூரோ. பன்னிரண்டு, பதினாலு மணி நேரம் குனிந்து முள்ளங்கி பிடுங்க வேண்டும். வலி தெரியாமலிருக்க அபின் சாப்பிடுகிறார்கள் என்பதை மார்க்கோ ஒமித்ஸோலோ என்ற சமூகவியலாளர் அவர்களோடு சேர்ந்து வயலில் வேலை செய்து வெளியே கொண்டுவந்தார். 2016 ஏப்ரலில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை நிறுத்திவிட்டு லத்தீனா நகரத்தில் வந்து நின்றார்கள். அந்த வருடமே தரகர் கூலிமுறைக்கு எதிராகச் சட்டமும் வந்தது. அதற்கப்புறமும், 2024 ஜூனில், இயந்திரத்தில் கை துண்டான ஒரு பஞ்சாபி இளைஞரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் அவர் குடியிருந்த வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். துண்டான கையைப் பழப்பெட்டியில் வைத்திருந்தார்கள். இரண்டு நாளில் இறந்துபோனார்.

அந்த நாட்டில் செனகல்காரர்கள் எல்லோரும் குடை விற்கவில்லை. பயணிகள் கண்ணில் படுவது குடைக்காரர், அவ்வளவுதான். ப்ரெஷாவிலும் பெர்காமோவிலும் உலோகத் தொழிற்சாலைகளில் அவர்கள் நிறைய. கோயம்புத்தூர்ப் பக்க ஃபவுண்டரிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்த்ஸின்யானோவின் தோல் தொழிற்சாலைகளிலும் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் உண்டு. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது, தேசிய ஒப்பந்தக் கூலி இருக்கிறது, டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் இருக்கிறது. வேலை பார்க்கும் இந்தியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அங்கே விவசாயக் கூலி. ப்ரெஷாவின் ஒரு செனகல் ஃபவுண்டரித் தொழிலாளியையும் லத்தீனாவின் ஒரு பஞ்சாபிக் கூலியையும் பக்கத்தில் வைத்து வரைபடம் போட்டால் எந்தக் கம்பம் உயரும்? பஞ்சாபி, சிக்கனத்திலும் குடும்பப் பாசத்திலும் உங்களுக்கும் எனக்கும் சளைத்தவர் இல்லை.

நிறத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2011 டிசம்பர் 13 அன்று ஃப்ளாரன்ஸில் ஒரு வலதுசாரி வெறியன் சந்தையில் இரண்டு செனகல் வியாபாரிகளைச் சுட்டுக் கொன்றான். அந்தப் பயத்தை மாட்டுப்பண்ணைப் பஞ்சாபி அதே அளவில் சுமக்கவில்லை என்பது என் எண்ணம்.

இனி செனகல்காரர்கள் பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம், ஏனென்றால் 'சிக்கனம்' என்று எழுதியிருக்கிறீர்கள். செனகலின் தேசிய வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு வெளியே இருப்பவர்கள் அனுப்பும் பணம். நமக்கு அது மூன்று சதவீதத்தை ஒட்டி. வியாபாரிகளில் பெரும்பாலானவர்கள் மூரித் என்ற சூஃபி மரபைச் சேர்ந்தவர்கள். அமது பம்பா என்ற ஞானி தொடங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் அவரை 1895ல் காபோனுக்கு நாடு கடத்தினார்கள். அவர் ஊரான தூபா இன்று செனகலின் இரண்டாவது பெரிய நகரம். எந்த நாட்டில் இருந்தாலும் 'தாஹிரா' என்று ஒரு வட்டம் சேர்ந்துவிடுகிறார்கள். வாரம் தவறாமல் கூடிப் பாடுவார்கள், பணம் போடுவார்கள். நம் ஏலச்சீட்டுக்கு உறவான சீட்டும் அவர்களிடம் உண்டு. ஐரோப்பாவில் பை விற்றவர்களின் தாஹிரா ஒன்று தூபாவில் ஒரு முழு ஆஸ்பத்திரியையே கட்டிக் கொடுத்திருக்கிறது. அமெரிக்கக் குடும்ப வருமானக் கணக்கில் இதற்குக் கட்டம் கிடையாது. பஞ்சாபின் தோவாபா பகுதியிலோ வெளிநாட்டுப் பணம் மொட்டைமாடியில் விமான வடிவத் தண்ணீர்த் தொட்டியாக நிற்கிறது, கால்பந்து வடிவத்திலும் பார்த்திருக்கிறேன். இரண்டில் எது சிக்கனம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. தொட்டி பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

ஒரு கிளைக்கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் நெய்து அவுரி நீலம் ஏற்றிய துணி கப்பல் கப்பலாகச் செனகலுக்குப் போனது. செனகல் ஆற்றங்கரையில் வேலம் பிசின் வாங்க அந்த நீலத்துணிதான் காசு. பிற்பாடு செனகலின் முதல் குடியரசுத் தலைவர் செங்கோர் திராவிடர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும் உறவு தேடினார், நம் தமிழறிஞர் க.ப. அறவாணன் டாக்கருக்கே போய்ப் பணியாற்றினார். அந்த ஒப்பீட்டு ஆய்வுகளில் பலதை நான் ஏற்பதில்லை. ஆனால் பெருந்துறைக்காரர் வீட்டுப் பெண்ணும் செனகல்காரர் வீட்டுப் பெண்ணும் ஒரே பெஞ்சில் உட்காருவதற்கு இப்படி ஒரு முன்கதை இருப்பது பிடித்திருக்கிறது.

நம்மிடம் ஏதோ ஒன்று இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது, உங்களிடம். பெருந்துறைப் பள்ளியில் உங்களோடு படித்தவர்களில் எத்தனை பேர் எடிசனில் இருக்கிறார்கள்? மற்றவர்கள் சிப்காட்டிலோ தறிப்பட்டறையிலோ இருப்பார்கள். அவர்களும் நம் பண்பாட்டில் வளர்ந்தவர்கள்தானே. யார் வீட்டில் நிலம் இருந்தது, யார் வீட்டில் ஆங்கிலம் இருந்தது, யார் சாதிக்கு எந்தக் கல்லூரி எட்டியது என்று அங்கேயே ஒரு சல்லடை ஓடிவிட்டது. விசா ஆபீசில் ஓடியது இரண்டாவது சல்லடை.

சல்லடைக்குத் தப்பிப் போகிறவர்களும் நம்மில் உண்டு. 2023 டிசம்பரில் அமீரகத்தின் ஃபுஜைராவிலிருந்து கிளம்பிய ஒரு வாடகை விமானத்தைப் பிரான்சின் வாட்ரி விமான நிலையத்தில் நிறுத்தி வைத்தார்கள். 303 பேர், பெரும்பாலும் இந்தியர்கள். போக இருந்தது நிகராகுவாவுக்கு, அங்கிருந்து தரை வழியாக வடக்கே. செனகல் இளைஞர்களும் அதே வருடம் அதே நிகராகுவா வழியாகத்தான் அமெரிக்க எல்லைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 2025 பிப்ரவரியில் கைவிலங்கோடு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கப்பட்ட 104 பேரைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

புராஜெக்டுக்கு என் யோசனை, மூன்றாவதாக ஒரு கம்பம் சேர்க்கச் சொல்லுங்கள், இத்தாலியில் இருக்கும் இந்தியர்கள் என்று. இத்தாலியத் தொழிலாளர் அமைச்சகம் இந்தியர்களுக்கும் செனகல்காரர்களுக்கும் தனித்தனி அறிக்கையே போடுகிறது. இத்தாலிய மொழியில் இருக்கும், மொழிபெயர்த்துக் கொடுப்பது உங்கள் வேலை. தோழியின் அப்பாவிடம் எந்த விசாவில் வந்தீர்கள் என்று மட்டும் உங்கள் மகள் கேட்க வேண்டாம், இன்றைய அமெரிக்காவில் அது யாரிடமும் கேட்கிற கேள்வி இல்லை. ஜூலை 28 அன்று ஹார்லெமில் பம்பா நினைவு ஊர்வலம் நடக்கும். அதற்கு நாங்களும் வரலாமா என்று கேட்கச் சொல்லுங்கள்.