மில்லு, தறி, கொள்முதல் நிலையம்: வேலை உளவியல் படிக்கிறவங்க கேட்டதும் நான் சொன்னதும்

நேத்து மதியம் சாப்பிட்டுட்டு சும்மா "ஐஓ சைக்காலஜி, அதான் வேலை எடத்துல மனுஷங்க எப்படி இருக்காங்கன்னு பாக்கற உளவியல், அத பத்தி சந்தேகம் இருந்தா கேளுங்க"ன்னு போட்டேன், ராத்திரிக்குள்ள கேள்வி குவிஞ்சிடுச்சு. எனக்கு சொந்த ஊர் பாபநாசம் பக்கம். பிஎச்டி முடிச்சுட்டு ஏழு வருஷம் சென்னைல, ஆள் எடுக்கறதுக்கு டெஸ்ட் தயார் பண்ற ஒரு கம்பெனில இருந்தேன், இப்ப தஞ்சாவூர்லேர்ந்து வேலை பாக்குறேன். ஒரே மாதிரி கேள்விய எல்லாம் ஒண்ணா சேத்துட்டேன், கோவிச்சுக்காதீங்க.

மன்னார்குடி, பி.எஸ்சி கடைசி வருஷம்: அக்கா, இத படிச்சா கடைசில ஹெச்ஆர் வேலைதானே? அதுக்கு எம்பிஏவே போதாதா?

தம்பி, லீவு, சம்பளம், பிஎஃப் பாக்கணும்னா எம்பிஏ போதும். அந்த சீட்டுல யார உக்கார வைக்கணும், ஒரே வேலைய பாக்கற மூணு பேர்ல ஏன் ஒருத்தர் மட்டும் ஆறு மாசத்துல ஓடிப்போறாரு, இதெல்லாம்தான் நம்ம ஏரியா. உங்க தெருவுலயே யாராவது ரயில்வே ஏஎல்பி (ரயில் ஓட்டறவருக்கு உதவியாளர்) பரீட்சை எழுதிருப்பாங்க, கேட்டுப் பாருங்க. எழுத்துத் தேர்வுல நல்ல மார்க் எடுத்தவங்க கூட கடைசில அந்த கம்ப்யூட்டர் ஆப்டிட்யூட் டெஸ்ட்ல விழுவாங்க, ஒவ்வொரு பகுதிலயும் டி-ஸ்கோர் (மத்தவங்களோட ஒப்பிட்டுப் போடற மார்க்) 42 எடுத்தே ஆகணும், எந்தப் பிரிவுக்கும் சலுகை கிடையாது. கவனம், ஞாபகம், தூரத்த கண்ணால கணிக்கறது இதையெல்லாம் அளக்கற அந்த டெஸ்ட்ட உருவாக்குனது லக்னோல ரயில்வேயோட ஆராய்ச்சி அமைப்பான ஆர்டிஎஸ்ஓவுக்குள்ள இருக்கற சைக்கோ டெக்னிக்கல் டைரக்டரேட். ராணுவ ஆபீசர் எடுக்கற எஸ்எஸ்பில படத்த காட்டி கதை எழுதச் சொல்வாங்களே, அதுக்குப் பின்னாடி டில்லில டிஆர்டிஓவோட ஒரு உளவியல் ஆராய்ச்சி நிலையமே இருக்கு. ரெண்டுமே சைக்காலஜி படிச்சவங்க வேலை பாக்கற இடம்.

இன்னொண்ணு, வேலை தேடறப்ப "ஆர்கனைசேஷனல் சைக்காலஜிஸ்ட்"னு தேடினா நம்ம நாட்டுல பெருசா ஒண்ணும் வராது, அந்தப் பேர்ல யாரும் ஆள் கேக்கறதில்ல. டேலன்ட் அசெஸ்மென்ட், பீப்பிள் அனலிட்டிக்ஸ், ஓடி (ஆர்கனைசேஷன் டெவலப்மென்ட்), லேர்னிங் அண்ட் டெவலப்மென்ட்னு தேடுங்க. ஸ்டாட்ஸ் தெரிஞ்சவங்களுக்குத்தான் மொதல்ல கதவு திறக்கும். ஜமோவி, ஆர்னு ஸ்டாட்ஸ் சாஃப்ட்வேர் ரெண்டும் காசில்லாம கிடைக்குது, எஸ்பிஎஸ்எஸ் வாங்க காசில்லன்னு இனிமே யாரும் சாக்கு சொல்ல முடியாது.

திருவையாறு, ரெண்டு பிள்ளைங்களுக்கு அம்மா: தபால்ல எம்எஸ்சி சைக்காலஜி சேரலாம்னு இருக்கேன் மேடம், ஒரு சென்டர்ல இப்பவே பணம் கட்டச் சொல்றாங்க.

கட்டாதீங்கம்மா. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கைலேர்ந்து சைக்காலஜிய தபால்லயோ ஆன்லைன்லயோ நடத்தக்கூடாதுன்னு யுஜிசி நிறுத்திடுச்சு, 2021ல வந்த அலைடு ஹெல்த்கேர் சட்டத்துக்குள்ள சைக்காலஜியும் வந்துட்டதால. இப்ப பணம் கேக்கறவங்க கிட்ட யுஜிசி அனுமதி கடிதத்த காட்டச் சொல்லுங்க, பேச்சு அங்கயே நின்னுடும். நேர்ல போயி படிக்க முடியும்னா உங்களுக்கு ரொம்ப தூரம் இல்ல, திருவாரூர் நீலக்குடில மத்திய பல்கலைக்கழகத்துல அப்ளைடு சைக்காலஜி துறை இருக்கு, க்யூட் பிஜி நுழைவுத் தேர்வு எழுதி வரணும். சிதம்பரம் அண்ணாமலைலயும் துறை இருக்கு. ரெண்டும் முடியலன்னா திருச்சி காலேஜுங்கள்ல எம்எஸ்டபிள்யூ, அதான் சமூகப்பணி படிப்பு, பாருங்க, ஹெச்ஆர் ஸ்பெஷலைசேஷன் எடுத்துக்கலாம்.

பட்டுக்கோட்டை: யுஜிசி நெட் பரீட்சைல எந்த பேப்பர் எழுதறது?

எம்எஸ்சி சைக்காலஜின்னா சைக்காலஜி. ஹெச்ஆர் எடுத்த எம்எஸ்டபிள்யூ, லேபர் மேனேஜ்மென்ட்னா லேபர் வெல்ஃபேர்-ஹெச்ஆர்எம் பேப்பர், கோடு 55. ஜூன்ல ஒரு தடவ, டிசம்பர்ல ஒரு தடவ. ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைச்சா மாசம் 37,000, 2023லேர்ந்து இதுதான் தொகை. அதுக்கு வயசு வரம்பு 30, பொண்ணுங்களுக்கும் ஓபிசி, எஸ்சி, எஸ்டிக்கும் அஞ்சு வருஷம் தளர்வு உண்டு. 32 ஆயிடுச்சேன்னு உக்காந்துடாதீங்க.

கும்பகோணம், பிஎச்டி ரெண்டாவது வருஷம்: தினமும் மெயில்ல கால் ஃபார் பேப்பர்ஸ் (ஜர்னலுக்கு கட்டுரை அனுப்பச் சொல்ற அழைப்பு) வருது, எது உண்மை எது டூப்புன்னு தெரியல. கைடும் "ஏதாவது ஒண்ணுல போடு"ங்கறார்.

"எஸ்டீம்டு புரொஃபசர்"னு உங்கள கூப்பிட்டு அஞ்சு நாள்ல ரிவ்யூ முடிச்சு தரேன்னு சொல்ற மெயில திறக்காமயே அழிச்சுடுங்க. நீங்க இன்னும் புரொஃபசரே ஆகல, அவனுக்கு அது தெரியல, அந்த ஒண்ணே போதும்ல. முன்னாடி நல்ல ஜர்னல்னு யுஜிசி போட்ட கேர் லிஸ்ட்ட பாத்து தப்பிச்சுக்கலாம், 2025 பிப்ரவரில யுஜிசி அதையும் எடுத்துடுச்சு, இனிமே நாமதான் பாத்துக்கணும். ஆசிரியர் குழுவுல உள்ளவங்க பேர தேடிப் பாத்து, அவுங்க சொந்த பல்கலைக்கழக பக்கத்துல இந்த ஜர்னல் பத்தி எழுதிருக்காங்களான்னு பாருங்க. அதோட, பிஎச்டி சமர்ப்பிக்க பேப்பர் கட்டாயம்ங்கறத யுஜிசி 2022 விதிமுறைலயே எடுத்தாச்சு. உங்க பல்கலைக்கழகம் தனியா கேட்டா அது வேற, போயி விசாரிங்க, ஆனா பயத்துல எட்டாயிரம் பத்தாயிரம் கட்டி குப்பைல போடாதீங்க.

நிஜமான அழைப்பு எப்படி இருக்கும்னா அவசரமே படாது. ஒரு ஜர்னல் ஸ்பெஷல் இஷ்யூன்னா என்ன கேள்விக்கு விடை வேணும்னு கெஸ்ட் எடிட்டர்ங்க பக்கம் பக்கமா எழுதிருப்பாங்க, கடைசி தேதிக்கு பல மாசம் இருக்கும், சில இடத்துல மொதல்ல சுருக்கம் மட்டும் கேப்பாங்க. அந்த பக்கங்கள கைல பேனாவோட படிங்க. புதுசா எழுதறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல சையாப்னு சொல்ற ஐஓ சைக்காலஜிஸ்ட் சங்கம் நடத்தற ஜர்னல்ல ஒரு முக்கிய கட்டுரைய போட்டு, அதுக்கு சின்னச் சின்ன மறுமொழி கட்டுரை எழுத வாங்கன்னு கூப்பிடுவாங்க. "நீங்க சொல்ற ரிமோட் வொர்க், ஹைப்ரிட் எல்லாம் சரி, கூலிக்கு வேலை பாக்கற எடத்துல இந்த தியரி எப்படி நிக்கும்"னு நாலு பக்கம் எழுத உங்களால முடியும், அதுக்கு பெரிய டேட்டா கூட வேண்டாம். ஐரோப்பாவுல ஈவாப் (EAWOP)னு இதே துறைக்கு ஒரு சங்கம், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாநாடு நடத்தும். நம்ம நாட்டுல பணத்தோட வர்ற அழைப்புன்னா ஐசிஎஸ்எஸ்ஆர் (சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில்), வேலைல இருக்கற ஆசிரியர்களுக்கு மைனர், மேஜர் புராஜெக்ட், உங்கள மாதிரி ஆளுங்களுக்கு டாக்டரல் ஃபெல்லோஷிப். பட்ஜெட்டுல பயணச் செலவ கம்மியா காட்டி நல்ல பேரு வாங்கலாம்னு நினைக்காதீங்க, வலங்கைமானுக்கு நாப்பது தடவ பஸ்ல போயிட்டு வரணும்னா நாப்பது தடவன்னே எழுதுங்க.

திருவாரூர்: "ஐடி ஊழியர்களின் மன அழுத்தம்"னு தலைப்பு குடுத்துருக்காங்க அக்கா. எனக்கு ஐடில ஒருத்தரையும் தெரியாது.

இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன் தங்கச்சி.

அந்தத் தலைப்புல ஏற்கனவே நம்ம மாநிலத்துலயே எத்தன தீசிஸ் இருக்குன்னு ஷோத்கங்கா (பிஎச்டி தீசிஸ் எல்லாம் சேத்து வச்சுருக்கற வெப்சைட்)ல தேடுங்க, தலை சுத்தும். நீங்க பஸ்ல போற வழில எட்டிப் பாத்தாலே தெரியற, அரசு நெல் வாங்கற நேரடி கொள்முதல் நிலையத்துல என்ன நடக்குதுன்னு யோசிங்க. பட்டியல் எழுத்தர், உதவுபவர், காவலர், அப்பறம் சுமை தூக்கறவங்க, நிறைய பேருக்கு சீசன் வேலைதான். நெல்லுல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்கக்கூடாது, அந்த விதிய போட்டது டில்லி. சம்பா அறுப்பு நேரத்துல மழை வந்துடுது, விவசாயி நனைஞ்ச நெல்ல தார்ப்பாய் போட்டு மூடிட்டு ராத்திரி பூரா ரோட்டுல படுத்துருக்காரு, மீட்டர் 20 காட்டுது. அவர் யார்ட்ட சண்ட போடுவாரு? டில்லிட்டயா? எதிர்ல பேனாவோட உக்காந்துருக்கற அந்த எழுத்தர்கிட்டதான். சாக்கு வரல, லாரி வரல, அதுவும் அவர் கைல இல்ல. 1979ல காரசெக்னு ஒருத்தர் சொன்னது இதத்தான்: வேலை நெருக்கறது அதிகம், முடிவெடுக்கற அதிகாரம் கைல இல்ல, இந்த ரெண்டும் சேந்தா மனுஷன் உடைவான். அந்த மாடலுக்கு இதவிட சுத்தமான உதாரணம் எங்க கிடைக்கும்? மூட்டைக்கு 40 கிலோன்னு எடை போடற எடத்துலயே உங்க சாம்பிள் நிக்குது.

திருபுவனம் பட்டுத் தறியும் அப்படித்தான். புருஷன் தறில உக்காந்தா பொண்டாட்டி தார் (ஊடை நூல்) சுத்துறாங்க, கூலி கணக்குல ஒரு பேருதான் ஏறுது. "ஜாப் ரோல்"னா யாரோட ரோல்? 1953லயே ரைஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் (நம்ம சோறு இல்ல, அவர் பேரே அதுதான்) அகமதாபாத் காலிகோ மில்லுல தறிக்காரங்கள சின்னச் சின்ன குழுவா பிரிச்சு, இந்தத் தறிங்க உங்க குழுவோட பொறுப்புன்னு விட்டதும் உற்பத்தி கூடி சேதாரம் கொறைஞ்சத எழுதுனாரு. உலகம் பூரா பாடத்துல இருக்கு. நெசவு பாத்து எழுதுனது, நம்ம நாட்டுல எழுதுனது, நாம என்னடான்னா ஐடி ஸ்ட்ரெஸ்ஸயே திரும்பத் திரும்ப அரைச்சுக்கிட்டு இருக்கோம்.

ஆனா ஒரு எச்சரிக்கை, நான் பட்டது. எம்ஃபில் படிக்கறப்ப நம்ம பக்கத்து அரிசி ஆலை ஒண்ணுல அறுபது பேருக்கு வேலை திருப்தி கேள்வித்தாள் குடுத்தேன். முதலாளி நல்லவர், டீ கூட வாங்கிக் குடுத்தாரு. மேஸ்திரிதான் எல்லாரையும் வரிசையா உக்கார வச்சு, பேனா குடுத்து, பின்னாடியே நின்னாரு. பரவால்லயே சீக்கிரம் முடிஞ்சுதேன்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்து பிரிச்சுப் பாத்தா அத்தன தாள்லயும் "மிகவும் திருப்தி"தான், மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே நேர்கோடா டிக்கு. பேனாவ திருப்பிக் குடுக்கறப்ப ஒரு அம்மா மெல்ல சொன்னது அப்பதான் உறைச்சுது: "எல்லாத்துக்கும் நல்லதாவே போட்டுட்டேன் பாப்பா, உனக்கும் பிரச்சன வேணாம், எனக்கும் வேணாம்." அப்பறம் மூணு வாரம் டீ நேரத்துல களத்து ஓரமா சும்மா போயி உக்காந்தேன். ராத்திரி லாரி வந்தா எழுப்பி இறக்கச் சொல்றாங்க, அந்த நேரத்துக்கு கணக்கே கிடையாதுங்கறது அப்பதான் வெளில வந்துது. என்னோட 30 கேள்வில ஒண்ணு கூட அத கேக்கல. மேஸ்திரி தெரியாமதான் நின்னாரு, தப்பு என்னுதுதான். அதனால அனுமதி மேல உள்ளவங்ககிட்ட வாங்குங்க, சம்மதத்த மட்டும் வேலை பாக்கறவங்ககிட்ட தனியா வாங்குங்க, எதிக்ஸ் கமிட்டி கடிதம் கையில இருக்கட்டும்.

மயிலாடுதுறை: தமிழ்ல ஸ்கேல் (மனநிலைய அளக்கற கேள்வித்தாள்) எங்க கிடைக்கும்?

ஸ்பெக்டரோட வேலை திருப்தி ஸ்கேல், 36 கேள்வி, ஆராய்ச்சிக்கு இலவசம், முடிவ அவருக்கு அனுப்பணும்ங்கறதுதான் கண்டிஷன். வேலைல ஈடுபாட்ட அளக்கற உட்ரெக்ட் எங்கேஜ்மென்ட் ஸ்கேலும் வியாபார நோக்கம் இல்லன்னா இலவசம். வேலையால மனசு ஓஞ்சு போறத அளக்கற மஸ்லாக் பர்ன்அவுட்டுக்கு காசு கட்டி லைசென்ஸ் வாங்கணும், நெட்டுல எடுத்து ஓட்டாதீங்க, கட்டுரை அனுப்பறப்ப மாட்டுவீங்க. காசில்லன்னா கோபன்ஹேகன் பர்ன்அவுட் இருக்கு.

மொழிபெயர்ப்புன்னா ஒருத்தர் தமிழாக்கணும், ஆங்கிலத்த பாக்காத இன்னொருத்தர் அத திரும்ப ஆங்கிலமாக்கணும், ரெண்டையும் வச்சு சரிபாக்கணும். அதுக்கப்பறமும் பத்து பேருட்ட வாய்விட்டு படிச்சுக் காட்டுங்க. ஸ்பெக்டர் ஸ்கேல்ல வேலை அர்த்தமில்லாததா தோணுதான்னு ஒரு கேள்வி வரும். அத ஒரு சுமைதூக்கும் அண்ணன்ட்ட கேட்டேன், "அர்த்தமில்லாதன்னா கூலி இல்லாததா? கூலி இல்லாம எவன்மா தூக்குவான்"னாரு.

திருச்சி துவாக்குடி, ஒரு ஃபேக்டரில ஹெச்ஆர், சைக்காலஜி எம்எஸ்சி: வெல்ஃபேர் ஆபீசர் ஆக முடியுமா?

1948 தொழிற்சாலைச் சட்டத்துல 500 தொழிலாளர் இருந்தா வெல்ஃபேர் ஆபீசர் வச்சே ஆகணும்னு இருந்துச்சு, 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்த புது சட்டத்தொகுப்புல அது 250. அப்ப வேலை கூடத்தான் செய்யும். ஆனா சைக்காலஜிய மட்டும் வச்சு உள்ள போறது கஷ்டம் சார், எம்எஸ்டபிள்யூ, லேபர் மேனேஜ்மென்ட் மாதிரி அரசு ஏத்துக்கிட்ட தகுதி எதுன்னு விதில பாத்துட்டு சேருங்க.

நாகப்பட்டினம்: வெளிநாடு?

வேலை உளவியலுக்குன்னே ஐரோப்பிய யூனியனோட எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்துல ஒரு மாஸ்டர்ஸ் இருக்கு, வாலென்சியா, பார்சிலோனா, போலோன்யா, கோயிம்ப்ரா பல்கலைக்கழகங்க சேந்து நடத்தறது, ஸ்காலர்ஷிப் அந்தந்த வருஷ அறிவிப்புல இருக்கான்னு பாத்துட்டு போடுங்க. நெதர்லாந்துல பிஎச்டிங்கறது பெரும்பாலும் சம்பளத்தோட வேலை, வேலை விளம்பரம் மாதிரியே வரும். அதுக்கு அனுப்பற கடிதத்துல "ஐ ஆம் பேஷனேட்"னு ஆரம்பிக்காம கொள்முதல் நிலையத்துல என்ன பாத்தீங்கன்னு ஆரம்பிங்க.

நீடாமங்கலம், அரிசி ஆலை வச்சுருக்கறவர்: என் கேள்வி படிப்பு சம்பந்தமா இல்லம்மா. ஆளுங்க நிக்க மாட்டேங்கறாங்க. ஏதாவது டெஸ்ட் வச்சு நிக்கற ஆளா பாத்து எடுக்க முடியுமா?

முடியும் ஐயா, ஆனா பர்சனாலிட்டி டெஸ்ட்னு யாராவது விக்க வந்தா வாங்காதீங்க. எல்லாருட்டயும் ஒரே கேள்வி, ஒரே மாதிரி மார்க்குன்னு நேர்முகம் நடத்துங்க, எந்த ஆள் நல்லா வேலை பாப்பான்னு கணிக்கறதுல அதுதான் முன்னால நிக்குதுன்னு 2022ல பழைய ஆராய்ச்சி எல்லாத்தையும் மறுபடி கணக்குப் போட்டுப் பாத்துருக்காங்க. கூடவே ஒரு நாள் கூலி குடுத்து வேலை பாக்க விடுங்க, அவரும் உங்கள பாக்கட்டும். அதுக்கு முன்னாடி, போனவங்க ஏன் போனாங்கன்னு தெரியணும்ல. வர்ற ஞாயித்துக்கிழமை நானே மில்லுக்கு வரேன், காசெல்லாம் வேண்டாம். மேஸ்திரி இல்லாத நேரமா பாத்து சொல்லுங்க.